மேலமலைச் சுனைகளும் கொடும்பாளூர்க் குளக்கரையும்: புதுக்கோட்டைப் பக்கம் இரண்டு நாள்

புதுக்கோட்டைப் பக்கத்துப் பழங்கோயில்களுக்குக் காரிலேயே வாசல் வரை சென்றுவிட முடியுமா, ஒரு நாள் போதுமா என்று இங்கு ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். சென்ற மாசி மாதத்தில் நானும் அக்காவும் அத்தானும் திருச்சியிலிருந்து வாடகைக் காரில் அந்தப் பக்கம் சென்று வந்தோம். அந்த அனுபவமே இதற்கு விடையாக அமையும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் எங்களுக்குக் கொடுத்த நிரலில் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம் ஆகிய ஐந்து ஊர்களும் ஒரே நாளுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. நார்த்தாமலைக்கு அவர் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம். எங்களுக்கு அங்கே ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது. அதன் பிறகு அந்த நிரலை மடித்து வைத்துவிட்டு, பயணத்தை இரண்டு நாளாக நீட்டித்துக்கொண்டோம். திருமயத்தை இன்னொரு முறைக்கு விட்டுவிட்டோம்.

திருச்சி–புதுக்கோட்டைச் சாலையிலிருந்து பார்த்தால் நார்த்தாமலைக் குன்றுகள் மரமற்ற மொட்டைப் பாறைகளாகத்தான் தெரியும். இவற்றின் நடுவே மனிதர்கள் எதற்காக ஊர் அமைத்தார்கள் என்று அக்கா காருக்குள்ளேயே கேட்டார். அடிவாரத்தில் இறங்கி, அக்குன்றுகளில் ஒன்றான மேலமலையின் சரிவில் ஏறத் தொடங்கியபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். "செருப்பக் கழட்டிராதீக ஆத்தா, எறங்குறப்பப் பாறை கொதிக்கும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த கம்பால் பாறையின் மடிப்பில் கிடந்த சுனை ஒன்றைக் காட்டினார். நாங்கள் எதுவும் கேட்காமலேயே, எந்தச் சுனை பங்குனி வரை தாங்கும், எது அதற்கு முன்பே வற்றும், எதில் ஆடு இறங்கினால் ஏற முடியாது என்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். மழை பெய்தால் பாறை முழுவதும் வழிந்து கீழே கண்மாயில் சேரும் என்று அவர் கையை வீசிக் காட்டிய திசையில், சாலையிலிருந்து எங்கள் கண்ணில் படாத நீர்ப்பரப்பு ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. மொட்டைப் பாறை என்று நாங்கள் எண்ணியது உண்மையில் அவ்வூரின் நீர்ப்பிடிப்பு நிலம். அக்காவின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்காது.

மேலே உள்ள தலையருவிச் சுனையின் நீருக்கடியில், பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக்குள் ஓர் இலிங்கம் இருக்கிறது. சுனை நிறைந்திருக்கும் காலத்தில் அதைக் காண முடியாது. எங்களுக்கும் கிடைத்தது நீரின் பச்சை நிறம் மட்டுமே. நீருக்கடியில் ஒரு கருவறையைக் குடைந்தவர்களின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று அத்தான் வெகுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தார்.

சரிவின் முடிவில் விசயாலய சோழீச்சுரம் நிற்கிறது. பெயரில் சோழ மன்னன் இருந்தாலும், இதைக் கட்டியவர் முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்றும், மழையால் சிதைந்த பிறகு மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வெளிச்சுவர் சதுரம், அதனுள் கருவறை வட்டம். இந்த அமைப்பை நின்ற இடத்திலிருந்து புரிந்துகொள்ள இயலாது. உள்ளே சென்று, இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட வழியைப் பார்த்த பின்னரே எனக்கு விளங்கியது. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்றில் ஏறக்குறைய ஆள் உயரத்தில் 12 திருமால் உருவங்கள் ஒரே சாயலில் வரிசையாக நிற்கின்றன. சிறியதான மற்றொன்று பழியிலி ஈச்சுரம். சாத்தன் பழியிலி குடைவித்த அந்தச் சிவன் கோயிலுக்கு மண்டபம் முதலியவற்றைச் சேர்த்தவர் அவருடைய மகள் பழியிலி சிறியநங்கை. தந்தை விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்தார் என்பதைக் கேட்ட அக்கா, அந்தப் பெயரை இறங்கும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

சித்தன்னவாசலுக்குச் செல்லும் வழியில் ஒரு விண்ணப்பம்: சாலையோரத்தில் கல் வட்டங்களைக் கண்டால் காரை நிறுத்தி இறங்குங்கள். அவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். பலரும் அறியாமலேயே கடந்து செல்கிறார்கள். குன்றில் இரண்டு இடங்களைத் தனித்தனியே ஏறிப் பார்க்க வேண்டும். ஏழடிப்பட்டத்தில், இரும்புக் கம்பி பிடித்து நடக்கும் செங்குத்தான பாறை விளிம்பைத் தாண்டினால், சமண முனிவர்களின் 17 கல் படுக்கைகள் தலையணை மேட்டுடன் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. மற்றோர் இடம் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. அதன் விதானத்தில் ஓவியமாக இருப்பது தாமரைக் குளம்: இலைகள், மொட்டுகள், மீன்கள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைப் பாண்டியன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. ஓவியத்தின் பெரும்பகுதி மங்கிவிட்டது. எஞ்சியிருப்பதைக் கண் பழகும் வரை பொறுத்துப் பார்த்தால்தான் ஒவ்வொரு மீனாக வெளிப்படும். உள்ளே நுழைந்த வேகத்தில் திரும்பியவர்கள் பலரைக் கண்டு எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டை மட்டும் குறிப்பிடுகிறேன். வடமொழியில் கிரந்த எழுத்தில் சுரக் கோவைகளாக ஓடும் அந்தப் பாறையின் முடிவில் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று ஒரு தமிழ் வரி வருகிறது. இளம் வயதில் வீணை கற்ற அக்காவுக்கு அதைவிட்டு நகர மனமில்லை.

கொடும்பாளூர் இந்த மலையேற்றங்களுக்கு நேர்மாறானது. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையிலிருந்து சற்றே விலகினால் மூவர் கோயில் வந்துவிடும். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூன்று விமானங்களில் இரண்டே எஞ்சியுள்ளன. சுற்றிலும் சிறு சந்நிதிகளின் அடித்தளங்களும், ஒரு மூலையில் படிகளுடன் கூடிய வட்டக் கிணறும் உள்ளன. அங்கிருந்த காவலாளி, "கோயிலப் பாத்துட்டீங்க, குளத்தங்கரைக்கும் ஒரு எட்டு நடந்துட்டுப் போங்க" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வழி சொல்லும்போது, "கொடும்பை நெடுங்குளக் கோட்டகம் புக்கால்", அதாவது கொடும்பாளூர்க் குளக்கரையை அடைந்தால், அங்கிருந்து பாதை சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான். கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் இவ்வூரின் அடையாளமாகச் சொல்லப்பட்டது ஒரு குளம். இன்று அதே மதுரைக்குச் செல்லும் வாகனங்களின் இரைச்சல் கேட்கும் தொலைவில் கரைமீது நடந்தோம். நடந்து செல்பவனுக்கு முதலில் தேவை நீர். அதனால்தான் அந்த மறையவன் வழியைக் குளத்தால் குறித்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே, கேட்ட உறுப்பினருக்கு: கார் அடிவாரம் வரை செல்லும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். நார்த்தாமலையில் காலை 7 மணிக்கு ஏறத் தொடங்கி, பாறை சூடாகும் முன் இறங்கிவிடுங்கள். மார்கழி முதல் மாசி வரை சுனைகளில் நீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலிப் புட்டிகளைச் சுனைகளில் எறியாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அந்த மூதாட்டி எங்களிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.