கரண்ட் போன மத்தியானமும் பொருந்தாத ஆப்ஜெக்ட் கோப்பும்

கோத்தகிரியிலிருந்து

சோர்ஸிலிருந்து, அதாவது மனிதர் எழுதிய நிரல் வரிகளிலிருந்து, மென்பொருள் நூலகங்களை (மற்ற ப்ரோக்ராம்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளை) பில்டு செய்யும்போது பட்ட அனுபவங்களை எல்லோரும் எழுதுகிறீர்கள். என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் காட்டெருமைகள் ஒற்றையடிப் பாதைக்கு வந்து நின்றுவிடும். டியூஷன் முடிந்து பிள்ளைகள் மேலேறி வருவதும் அதே பாதையில்தான். திருப்பத்தில் ஒரு கேமரா வைத்து, காட்டெருமை நின்றால் வாசல் விளக்கு எரிகிற மாதிரி செய்துவிடலாம் என்று இறங்கினேன். கையில் இருந்தது 1 ஜிபி ராம் உள்ள ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கக் கணினி. எனக்குத் தேவையான பகுதிகளை மட்டும் வைத்து படங்களை அலசும் ஓபன்சிவி நூலகத்தை அதிலேயே கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) தொடங்கினேன்.

முதல் தடங்கல் பலரும் பார்த்ததுதான். பில்டு பாதிக்கு மேல் போனதும் ‘கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோக்ராம் சிசி1பிளஸ்’ என்று சொல்லி நின்றது. கம்பைலரில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை மறுபடி நிறுவினேன். ஒரு பகல் போனது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதும் பதிவைத் திறந்து பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்: நினைவகம் தீர்ந்துபோய், அதிக இடம் பிடித்திருந்த சிசி1பிளஸ்ஸை, அதாவது சி பிளஸ் பிளஸ் கம்பைலரை, கெர்னலே கொன்றிருக்கிறது. பில்டை நடத்தும் மேக் கட்டளைக்கு ‘-ஜே4’ என்று கொடுத்தால் நான்கு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓடும். டெம்ப்ளேட் நிறைந்த சி பிளஸ் பிளஸ் கோப்புகள் நான்கு சேர்ந்தால் 1 ஜிபி எங்கே போதும்? நினைவகம் போதாதபோது கார்டில் கடன் வாங்கும் இடமான ஸ்வாப் 100 எம்பி-தான் இருந்தது. அதை 2 ஜிபி ஆக்கி, ‘-ஜே1’ வைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் கொழுந்து பறிக்க ஆட்கள் வரும் நேரத்தில் முடிந்திருந்தது. வேலை ஆனதும் ஸ்வாப்பைக் குறைத்துவிட்டேன். எஸ்டி கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தால் கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடந்தது.

ஓபன்சிவியோடு இணைகிற என் சொந்தப் ப்ரோக்ராம் சின்னது, நான்கைந்து கோப்புகள்தான். ஒரு மத்தியானம் அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை. 3:40-க்கு கரண்ட் போனது, ராத்திரி 9 மணிக்குத்தான் வந்தது. அதற்குள் இன்டர்நெட்டும் போய்விட்டது. பை-யை ஆன் செய்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு ஃபங்ஷன் வாங்கும் மதிப்பை ஃப்ளோட் என்ற தசம எண் வகையிலிருந்து, அதைவிடத் துல்லியமான டபுள் வகைக்கு மாற்றினேன். ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடரான டிடெக்ட்.எச், அதன் சோர்ஸான டிடெக்ட்.சிபிபி இரண்டிலும் மாற்றிவிட்டு மேக் கொடுத்தேன்.

‘அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்.’ டபுள் வாங்குகிற அந்த ஃபங்ஷன் எங்கேயும் இல்லை என்றது லிங்கர், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் கருவி.

இல்லையா? கண்ணெதிரே திரையில் இருக்கிறது. ஹெடரில் டபுள், சிபிபி-யில் டபுள். எழுத்துப் பிழை இருக்குமோ என்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். திருத்த ஒன்றுமே இல்லாததால் கோப்பைத் தொடவும் இல்லை. மறுபடி மறுபடி மேக் கொடுத்தேன், ஒரே பதில்தான். கம்பளியைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் இப்படியே போனது.

லிங்கர் எப்படி ஆளைத் தேடுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சி பிளஸ் பிளஸ்ஸில் சோர்ஸ் கம்பைல் ஆனதும் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் ஃபங்ஷனின் பெயர் மட்டும் போவதில்லை. அது வாங்கும் மதிப்புகளின் வகையும் பெயரோடு ஒட்டிக்கொண்டு போகும், நம் பெயரோடு இனிஷியல் போவது மாதிரி. ரேஷன் கார்டில் ஓர் இனிஷியலும் ஆதாரில் வேறொன்றும் இருந்தால் ஆபீஸில் என்ன சொல்வார்கள்? ஆள் வேறு என்பார்கள். லிங்கரும் அதையேதான் சொல்லும். சோர்ஸ் கோப்பை அது பார்ப்பதே இல்லை. அதன் கைக்கு வருவது ஆப்ஜெக்ட் கோப்பு மட்டுமே. நான் இரண்டு மணி நேரம் படித்தது லிங்கர் பார்க்காத ஒரு கோப்பை.

இது உறைத்த பிறகுதான் டிடெக்ட்.ஓ என்ற ஆப்ஜெக்ட் கோப்பை என்எம் கட்டளையால் திறந்து பார்த்தேன். பெரிய எழுத்து சி-யை ஆப்ஷனாகக் கொடுத்தால் பெயர்களைப் படிக்கிற மாதிரி காட்டும். உள்ளே ஃப்ளோட்! நான் மாற்றிய பிறகும் பழையதே உட்கார்ந்திருக்கிறது. அதாவது, மேக் அந்தக் கோப்பைக் கம்பைல் செய்யவே இல்லை.

ஏன் என்று, கோப்புகளின் நேரத்தைக் காட்டும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். டிடெக்ட்.ஓ-வின் நேரம் மாலை 3:35. டிடெக்ட்.சிபிபி 3:25. நான் மாற்றியதோ ராத்திரி 9 மணிக்கு மேல்! சுவர்க் கடிகாரத்தில் மணி 11 ஆகியிருந்தது. டேட் என்று தட்டினால் பை 5:17 என்கிறது.

பை 3-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மணிக்கு ஒரு தடவையும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்போதும் நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்து எழும்போது அந்த நேரத்திலிருந்து தொடங்கி, இன்டர்நெட் கிடைத்தால் சரிசெய்துகொள்ளும். என்னுடையது கடைசியாகக் குறித்தது 3:17. திடீரென்று கரண்ட் போனதால் 3:40-ஐக் குறிக்க வழியில்லை. ராத்திரி 9 மணிக்கு எழுந்தபோது அதற்கு மணி 3:17-தான், திருத்திச் சொல்ல இன்டர்நெட்டும் இல்லை. அதன் கணக்கில் 3:25-க்கு நான் சோர்ஸை மாற்றினேன். கரண்ட் போவதற்கு முன்னால் உருவான டிடெக்ட்.ஓ-வின் நேரமோ 3:35. மேக்குக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: சோர்ஸைவிட ஆப்ஜெக்ட் புதியதென்றால் தொடாதே. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து இதுதான் அதன் அடிப்படை. அந்த ஃபங்ஷனை அழைக்கும் மெயின்.ஓ மட்டும் 3:10-க்கு உருவானது, அதனால் அது புது ஹெடரோடு மறுபடி கம்பைல் ஆனது. ஒன்று டபுளைக் கேட்கிறது, இன்னொன்று ஃப்ளோட்டை வைத்திருக்கிறது.

மேக் எச்சரிக்காமலும் இல்லை. முதல் தடவை ஓட்டியபோதே, ஒரு கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, ‘கிளாக் ஸ்க்யூ டிடெக்டட், பில்டு முழுமையாக இல்லாமல் போகலாம்’ என்று சொல்லியிருக்கிறது. திரையை மேலே தள்ளித் தேடியபோதுதான் பார்த்தேன். பை-யின் கடிகாரம் 3:35-ஐத் தாண்டியதும் அந்த எச்சரிக்கை நின்றுவிட்டது, பழைய ஆப்ஜெக்ட் அப்படியே தங்கிவிட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை ஓட்டினாலும் லிங்கர் எரர் மட்டும்தான் வந்தது.

நேரத்தைக் கையால் சரிசெய்து, பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழிக்கும் மேக் கிளீன் கொடுத்து மறுபடி ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஊட்டி, முத்தோரை பக்கம்

அண்ணா, படிக்கும்போதே எனக்குப் பதற்றமாகிவிட்டது. எனக்கு நேரம் சம்பந்தமாக இல்லை, கம்பைலரின் வயது சம்பந்தமாக ஒன்று நடந்தது.

முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து வளர்ந்தவள் நான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவிலேயே சாய்த்துக் கட்டியது, 1970-இலிருந்து வேலை செய்கிறது. அதனால் கல்லூரிப் ப்ராஜெக்டுக்குப் பல்சார்களை (சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்களை) எடுத்துக்கொண்டேன். அதற்கான மென்பொருள் கேட்ட ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய பழைய நூலகம் ஒன்றை பில்டு செய்தால் ‘டைப் மிஸ்மேட்ச்’ என்று பக்கம் பக்கமாக எரர். சீனியர் அக்கா ஒருவரின் கணினியில் அதே சோர்ஸ் ஒரு குறையும் சொல்லாமல் பில்டு ஆகியிருந்தது. எந்த வரியை நான் கெடுத்தேன் என்று மூன்று நாள் தேடினேன்.

கெடுக்கவே இல்லை. அக்காவிடம் இருந்தது ஜிசிசி கம்பைலரின் 9-ஆம் வெர்ஷன், என்னிடம் 10. ஒரே ஃபங்ஷனை ஓரிடத்தில் முழு எண்ணோடும் இன்னோரிடத்தில் தசம எண்ணோடும் அழைக்கும் பழைய பழக்கத்தை 10 முதல் ஜிசிசியின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் எரராகவே எடுத்துக்கொள்கிறது. ‘-எஃப்அலவ்-ஆர்குமென்ட்-மிஸ்மேட்ச்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்ததும் எல்லாம் எச்சரிக்கைகளாக இறங்கிவிட்டன. இப்போது யாராவது எரரை அனுப்பினால், எந்த கம்பைலர், எந்த வெர்ஷன் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

கொடைக்கானல்

கோத்தகிரித் தம்பி சொன்ன ‘ஒன்று புதுசு, ஒன்று பழசு’ கதை எனக்கு வேறு ரூபத்தில் நடந்தது. இங்கே 1899-இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடத்தின் பழைய படத்தகடுகள் ஸ்கேன் செய்யப்பட்டு, வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் வடிவக் கோப்புகளாக இருக்கின்றன. சூரியப் புள்ளிகளைப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. அந்தக் கோப்புகளைப் படிக்க சிஃபிட்ஸ்ஐஓ நூலகம் வேண்டும். லினக்ஸ் டிஸ்ட்ரோவோடு வந்தது பழையது என்று புதியதை இறக்கி, பில்டு செய்து, யூஎஸ்ஆர் லோக்கல் என்ற தனி இடத்தில் நிறுவினேன். என் ப்ரோக்ராம் கம்பைல் ஆனது, லிங்கும் ஆனது. ஓட்டினால் ஹெடரும் நூலகமும் ஒத்துப்போகவில்லை என்றது. கம்பைலர் புது ஹெடரை எடுத்திருக்கிறது, ஓடும்போது பழைய நூலகம் ஏறியிருக்கிறது.

எல்டிடி கட்டளையை ப்ரோக்ராமின் மேல் ஓட்டினால் எந்த நூலகம் எந்தப் பாதையிலிருந்து ஏறுகிறது என்று காட்டிவிடும். அங்கேதான் பழைய பாதையைப் பார்த்தேன். நிறுவிய கையோடு, நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்ட மறந்திருந்தேன், அதனால் புது நூலகம் இருப்பதே, ஓடும்போது நூலகங்களை ஏற்றும் லோடருக்குத் தெரியவில்லை. ஓட்டியதும் சரியாகிவிட்டது.

தம்பி, மழை இன்னும் முடியவில்லை. அடுத்த தடவை கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

கோத்தகிரியிலிருந்து

டிஎஸ்3231 கடிகாரச் சில்லு வைத்த சின்ன மாட்யூல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டேன் அண்ணா. பட்டன் பேட்டரியில் ஓடுகிறது, பை-யின் பின்களில் நேராகச் செருகி, பை-யின் அமைப்பில் அதை இயக்கிவிட்டால் போதும். நேற்றும் சாயங்காலம் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. இன்டர்நெட் இல்லை. ஆன் செய்ததும் முதலில் டேட் தட்டினேன், சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. டிடெக்ட்.சிபிபி-யில் ஒரு வரியை மாற்றி மேக் கொடுத்தேன். டிடெக்ட்.ஓ மட்டும் புதிதாக உருவாகி லிங்க் ஆனது. கேமராவை இன்று மழைக்கு முன்னால் திருப்பத்தில் கட்டிவிட வேண்டும்.