உங்களை அழ வைத்த ராக் பாடல் எது?

ஆறாவது தந்தி:

நான்கு வருடக் காதல் முடிந்தபின் மூன்று மாதம் நான் பாட்டே கேட்கவில்லை, கேட்கப் பயம். ஓர் இரவு தூக்கம் வராமல் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' போட்டேன். முதலில் ரேடியோவைத் திருகுகிற கரகரப்பு. அதற்குள்ளிருந்து பன்னிரண்டு தந்தி கிட்டார் ஒன்று எங்கோ தூரத்தில் ஒலிக்கும். அப்புறம் காதுக்கு மிக அருகில் இன்னொரு கிட்டார் அதோடு சேர்ந்துகொள்ளும், தனியறையில் ஒருவன் ரேடியோ கூடவே வாசிப்பது போல. தூரத்துக் கிட்டாருக்கு இவன் இருப்பதே தெரியாது. அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும். பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே அழுதுவிட்டேன்.

காதலிக்காக எழுதியது என்றே நினைத்திருந்தேன். ஆனால் அதே பெயரில் அந்தப் பாட்டு இருக்கும் 1975 ஆல்பம் முழுக்க நிறைந்திருப்பது சிட் பாரெட்டின் நினைவு. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மனநிலை பாதிக்கப்பட்டு 1968-ல் விலகியவர். அந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவரே ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறார். தலையையும் புருவங்களையும் மழித்து, உடல் பெருத்து நின்றவரைப் பழைய நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று புரிந்தது. கடைசி வருடம் முழுக்க அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். நான்தான் முதல் வருடத்து அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மழைக்குருவி:

அண்ணா, கடைசி இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்கு ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. நானும் அவரும் பிரிந்த பிறகும் இரண்டு வருடம் ஒரே குழுவில் வேலை பார்த்தோம். கூட்டங்களில் அவர் பேசுவார், நான் திரையில் ஸ்லைடு மாற்றுவேன். கை நடுங்கக்கூடாது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருக்கும். அப்போதுதான் அந்தப் பாட்டின் 1997 மேடைப் பதிவைப் பார்த்தேன்.

அதே குழுவில் கிட்டார் வாசித்த, தான் காதலித்துப் பிரிந்த லிண்ட்சி பக்கிங்ஹாமை நினைத்து அதன் பாடகி ஸ்டீவி நிக்ஸ் எழுதிய பாட்டு அது. 1977-ல் வந்த 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் அதைச் சேர்க்கவில்லை. 'கோ யுவர் ஓன் வே' இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டார்கள். முன்பக்கப் பாட்டு லிண்ட்சி ஸ்டீவியைப் பற்றி எழுதியது! ஒரே தட்டில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். இருபது வருடம் கழித்து அந்த மேடையில், பாட்டின் இறுதியில் ஸ்டீவி அவர் பக்கம் திரும்பி, நேராகப் பார்த்துப் பாடுகிறார். அவரோ அதே பாட்டுக்குக் கிட்டாரும் வாசித்து, பின்குரலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தன்மேல் வைக்கும் குற்றச்சாட்டுக்குத் தானே சுருதி சேர்ப்பது எவ்வளவு பெரிய பாரம்! அதுவரை என் பாரம் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எதிரில் நின்று பேசியவருக்கும் ஒன்று இருந்திருக்கும் என்று அன்றுதான் தோன்றியது.

கரையோரம்:

என்னுடையது காதல் இல்லை. தம்பியை இழந்தேன். 1991-ல் பாடகர் எரிக் கிளாப்டனின் நான்கு வயது மகன் ஜன்னல் வழியே விழுந்து இறந்த பிறகு பிறந்த 'டியர்ஸ் இன் ஹெவன்' பாட்டைத்தான் தினமும் கேட்பேன், தினமும் அழுவேன். ஐந்தாம் வருடம் ஒரு நாள் அழுகை வரவில்லை. தம்பிக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது. கிளாப்டனே 2004-ல் அதை மேடையில் பாடுவதை நிறுத்தியிருக்கிறார், அந்த இழப்பின் உணர்வு முன்போல் தன்னிடம் இல்லை என்று. பிற்பாடு மறுபடியும் பாடினார். அந்தச் செய்தி எனக்குச் செய்த உதவியை வேறு யாரும் செய்யவில்லை. இப்போது எப்போதாவது கேட்கிறேன். அழுகை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, முழுதாகக் கேட்டு முடிப்பேன்.

ஆறாவது தந்தி:

மழைக்குருவி, நேற்றிரவு அந்தப் பதிவைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்க்கிறார், கவனித்தீர்களா? கை வாசித்துக்கொண்டே இருக்கிறது.

கரையோரம், உங்கள் பாட்டை இன்னும் போடவில்லை. இந்த வாரக் கடைசியில் தனியாக இருக்கும்போது கேட்கிறேன்.