லுமும்பா அரசு (1960): பெரும்பான்மை கையில் இருந்தும் 67 நாளில் கவிழ்ந்தது எப்படி?

கேள்வி:
காங்கோ 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. செப்டம்பர் 5 இரவு, பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவை நீக்கிவிட்டதாக அதிபர் கசாவுபு வானொலியில் அறிவித்தார். அதுவரை நாடாளுமன்றத்தில் லுமும்பா நம்பிக்கை வாக்கெடுப்பு எதிலும் தோற்றதில்லை. அப்படியானால் கூட்டணி உள்ளுக்குள் உடைந்ததா, அல்லது அரசியல் சட்டத்திலேயே ஓட்டை இருந்ததா? அந்த நீக்கம் சட்டப்படி செல்லுமா?

பதில் 1:
முதலில் கணக்கைப் பாருங்கள். கீழவையில் 137 இடம். பெரும்பான்மைக்கு 69 வேண்டும். லுமும்பாவின் காங்கோ தேசிய இயக்கம்தான் தனிப்பெரும் கட்சி, ஆனால் அதன் சொந்த பலம் 33. கிசெங்காவின் ஆப்பிரிக்க ஒற்றுமைக் கட்சிக்கு 13, கீவு மாகாணத்தின் செரேயாவுக்கு 10. மூன்றையும் கூட்டினாலும் 56தான். மீதிக்கு மாகாணக் கட்சிகளையும், தேர்தலில் எதிர்த்து நின்றவர்களையும் சேர்த்தே ஆகவேண்டும்.

ஜூன் 17 அன்று பெல்ஜியம் அரசமைக்கும் பொறுப்பைக் கசாவுபுவிடம்தான் கொடுத்தது (அப்போது அவர் அதிபர் ஆகவில்லை). அவரால் முடியவில்லை. ஜூன் 21 அன்று கீழவைத் தலைவர் தேர்தலில் லுமும்பாவின் ஆள் கசோங்கோ, எதிரணியின் பொலிக்காங்கோவை 74க்கு 58 என்று வென்றார். யார் பக்கம் ஆள்பலம் என்பது அதில் தெரிந்துவிட்டது. அன்றே பொறுப்பு லுமும்பாவுக்கு மாறியது.

அடுத்து நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 74, எதிர்ப்பும் நடுநிலையும் சேர்ந்து 6. கேட்க அமோகமாக இருக்கும். ஆனால் அவைக்கு வராதவர்கள் 57 பேர்! எதிர்த்து ஓட்டுப் போட விரும்பாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தேவைக்கு மேல் ஐந்தே ஐந்து ஓட்டு. கூட்டணியின் உண்மையான கனம் அவ்வளவுதான். லுமும்பாவின் கட்சியிலிருந்து பிரிந்த கலோஞ்சியின் பிரிவுக்கு மந்திரி பதவியே இல்லை. சுரங்க மாகாணமான கட்டாங்காவின் ஷோம்பே கட்சிக்குக் கிடைத்தது அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஜூலை 11 அன்று கட்டாங்கா பிரிந்தது, ஆகஸ்டில் கலோஞ்சியின் தெற்கு கசாய் பிரிந்தது. பதவிப் பங்கீட்டில் விட்ட இடமும் நாடு கிழிந்த இடமும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

பதில் 2:
சட்டக் கேள்விக்கு வருகிறேன். அப்போது நடைமுறையில் இருந்தது பெல்ஜிய நாடாளுமன்றம் 1960 மே மாதம் இயற்றிக் கொடுத்த 'அடிப்படைச் சட்டம்'. அதன் 22ஆம் பிரிவு, நாட்டுத் தலைவர் (அதாவது அதிபர்) பிரதமரையும் அமைச்சர்களையும் நியமிப்பார், நீக்குவார் என்கிறது. பெல்ஜிய அரசியல் சட்டத்தின் 65ஆம் பிரிவில் அரசரைப் பற்றி இருக்கும் அதே வாசகம். பெல்ஜியத்தில் நூற்று முப்பது வருடத்துக்கு நெருங்கிய வழக்கம் அந்த அதிகாரத்தை மழுக்கி வைத்திருந்தது. காங்கோவுக்கு வார்த்தை மட்டும் வந்தது, வழக்கம் வரவில்லை. கசாவுபு அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அதே சட்டத்தில் இன்னொரு பூட்டும் உண்டு. பொறுப்பான அமைச்சர் ஒருவர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் நாட்டுத் தலைவரின் ஆணை செல்லும். வெளியுறவு அமைச்சர் பொம்போகோவும் இன்னொரு அமைச்சர் டெல்வோவும் கையெழுத்திட்டார்கள். இருவரும் லுமும்பாவின் சொந்த அமைச்சரவைக்காரர்கள். கூட்டணி உடைந்ததா என்று கேட்டீர்களே, உடைந்தது இந்த இரண்டு கையெழுத்தில்தான்.

என் கருத்து: எழுத்துப்படி நீக்கத்துக்கு இடமுண்டு, சட்டத்தின் உள்ளோட்டத்துக்கு அது விரோதம். அரசு நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பு என்று சொல்லி, கண்டனத் தீர்மானத்துக்குத் தனி வழியும் வைத்திருக்கும்போது, அதைத் தாண்டிப் போக அதிபருக்கு என்ன நியாயம்? மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதிலுக்கு கசாவுபுவை நீக்கிவிட்டதாக லுமும்பா வானொலியில் அறிவித்தாரே, அதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. செப்டம்பர் 7 அன்று கீழவை 60க்கு 19 என்று இரண்டு நீக்கத்தையும் ரத்துசெய்தது. மறுநாள் மேலவை 41க்கு 2 என்று லுமும்பா பக்கம் நின்றது. கசாவுபு புதுப் பிரதமராக நியமித்த இலேயோ நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
இரண்டு அவையும் கூட நின்ற பிறகும் ஏன் தாக்குப்பிடிக்கவில்லை?

பதில் 3:
அவையின் தீர்மானத்தை அமல்படுத்தப் படை வேண்டும், சம்பளப் பணம் வேண்டும், வானொலி வேண்டும். மூன்றும் லுமும்பா கையில் இல்லை.

படை: பெல்ஜியர் விட்டுப்போன ராணுவத்தில் சுமார் 25,000 வீரர்கள், அதிகாரிகள் அத்தனை பேரும் வெள்ளையர். ஜூலை 5 அன்று பெல்ஜியத் தளபதி ஜான்சென்ஸ் கரும்பலகையில் 'விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்' என்று எழுதிக்காட்டினார். அன்றே தலைநகர் லியோபோல்டுவில்லிலும் தீஸ்வில்லிலும் கலகம் தொடங்கியது. லுமும்பா எல்லா வீரரையும் ஒரு படி உயர்த்தி, லுண்டுலாவைத் தளபதியாகவும் மொபுட்டுவைத் தலைமை அதிகாரியாகவும் போட்டார். இரண்டாவது நியமனம்தான் அவரைச் சாய்த்தது.

பணம்: சுரங்கக் கம்பெனியான யூனியன் மினியேர் கட்டிய வரி, கட்டாங்கா பிரிந்ததும் ஷோம்பேயிடம் போனது. மத்திய கஜானா காலி.

வானொலி: இதைப் பலர் கவனிப்பதில்லை. காங்கோவில் இருந்த ஐ.நா. அமைதிப்படைப் பணியின் தற்காலிகப் பொறுப்பாளர் கார்டியர், கலவரத்தைத் தடுப்பதாகச் சொல்லி விமான நிலையங்களையும் லியோபோல்டுவில் வானொலியையும் மூடினார். இரு தரப்புக்கும் ஒரே தடை என்றுதான் தோன்றும். கசாவுபுவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில், பக்கத்து நாட்டின் தலைநகரான பிராசவில்லின் வானொலி இருந்தது. அங்கே அதிபர் யூலு அவருக்கு வேண்டியவர். லுமும்பாவின் ஆதரவுப் படையோ ஸ்டான்லிவில்லிலும் கசாயிலும், விமானம் இல்லாமல் வரமுடியாத தூரத்தில் கிடந்தது. ஐ.நா. செயலாளரின் பிரதிநிதியாக நம் நாட்டின் ராஜேஷ்வர் தயாள் செப்டம்பர் 8 அன்று பொறுப்பேற்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 14 அன்று மொபுட்டு இரு தரப்பையும் ஆண்டு முடிவுவரை 'செயலிழக்கச் செய்ததாக' அறிவித்தார். நடைமுறையில் செயலிழந்தது ஒரு தரப்பு மட்டும்.

பதில் 2 எழுதியவர்:
ஒன்று சேர்க்கிறேன். நவம்பர் 22 அன்று ஐ.நா. பொதுச்சபை 53க்கு 24 என்ற வாக்கில் கசாவுபுவின் குழுவுக்கே காங்கோவின் இருக்கையைக் கொடுத்தது. நடுநிலை 19. லியோபோல்டுவில் வீட்டில் ஐ.நா. காவலிலும், அதைச் சுற்றி மொபுட்டு படையின் முற்றுகையிலும் இருந்த லுமும்பா, இனி சட்டவழி இல்லை என்று முடிவுசெய்தது அதற்குப் பிறகுதான். நவம்பர் 27 இரவு அங்கிருந்து தப்பி ஸ்டான்லிவில்லுக்குக் கிளம்பினார், வழியில் பிடிபட்டார்.