முழங்கை வலி: இரண்டாவது ஸ்டீராய்டு ஊசியா, லேசரா?

அம்மாவுக்கு வலது முழங்கை வலி ஐந்து மாதமாக விடவில்லை. வயது 54, ஊர் மதுரை, இட்லிக் கடை வைத்திருக்கிறார். மாவு நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கும்போது சுளீரென்று பிடித்தது. டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் வரும் வலி என்றார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் தசைநார் வீக்கம் மட்டும், கிழிசல் இல்லை. முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் விரல் வைத்தாலே துடித்துப்போகிறார். காப்பி டம்ளரைக்கூட இடது கையால்தான் எடுக்கிறார்.

வலி மாத்திரை, ஐஸ் ஒத்தடம், எல்போ பெல்ட், 12 நாள் பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் ஒரு ஸ்டீராய்டு ஊசி. மூன்றாம் நாளே வலி போய்விட்டது, நாங்களும் நம்பிவிட்டோம். ஆறாவது வாரம் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஊசி போட்ட மறுநாள் 290 காட்டியது, இறங்க நாலைந்து நாள் ஆனது. போட்ட இடத்தில் தோலும் காசளவுக்கு வெளுத்திருக்கிறது.

இப்போது டாக்டர் இன்னொரு ஊசி என்கிறார். இந்த வலிக்கு ஊசி சீக்கிரம் கேட்கும், ஆனால் ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கே வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்வதைப் படித்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. பிசியோதெரபிஸ்ட், வலிக்கும் இடத்தில் தோலின் மேலிருந்து ஒளி பாய்ச்சும் லேசர் 10 முறை வைக்கலாம் என்கிறார், 904 நானோமீட்டர் அலைநீளக் கருவி. ஊசியைப் போலச் சர்க்கரையை ஏற்றாது என்பது நிம்மதி. ஆனால் ஒவ்வொரு முறையும் கடையை மூடிவிட்டுத்தான் போகவேண்டும்.

டென்னிஸ் எல்போவுக்கு லேசர் வைத்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள்: ஆறு மாதம் கழித்தும் வலி திரும்பாமல் இருந்ததா?