செயலாராய்ச்சியில் ‘பிரதிபலிப்பு’: வேறு சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள சிக்கலைத் தானே ஆராய்ந்து, மாற்றிப் பார்த்துத் தீர்க்கும் முறைக்குச் ‘செயலாராய்ச்சி’ (action research) என்று பெயர். அந்தச் சொல்லில் எனக்குக் குறையில்லை. உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரையில் இருந்த கருத்தை, 1953இல் கல்வியாளர் ஸ்டீபன் கோரி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். பி.எட். படித்த எல்லாருக்கும் பழகிய சொல், இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அதன் நான்காம் படி. திட்டமிடல், செயல்படல், உற்றுநோக்கல் என்று ஒழுங்காக வந்து, கடைசியில், நடந்ததை எண்ணிப் பார்க்கும் ‘reflection’ என்ற படிக்குப் ‘பிரதிபலிப்பு’ என்று போடுகிறார்கள். அது கண்ணாடியின் வேலை அல்லவா?

தக்கலைப் பக்கம் நான் எடுக்கும் ஐந்தாம் வகுப்பில் 402இல் 178ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 376 என்று எழுதினார்கள். எந்த வரிசையிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுவார்கள். ஈர்க்கிலை முறித்து, பத்துக் கட்டு, நூறு கட்டு என்று ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் 52இல் 38 எல்லாருக்கும் வந்தது. நடுவில் பூச்சியம் வந்தால் மட்டும் பழைய கதைதான். ஒருநாள் சாயந்திரம் கட்டுகளை எடுத்து வைக்கும்போது கவனித்தேன்: நூறு கட்டை உதிரியாக எண்ணிக் கட்டியிருக்கிறேன். அவிழ்த்தால் நூறு ஈர்க்கிலும் சிதறும். உள்ளே பத்துப் பத்துகள் இருப்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பிழை நான் கட்டிய விதத்தில். மறுநாள் பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூறாகக் கட்டிக் கொடுத்தேன். 224 வந்தது.

அந்தச் சாயந்திரம் நடந்ததற்கு ‘ஓர்வு’ என்று பெயர் வைக்கலாமா? “ஓர்மை இருக்கா?” (நினைவிருக்கிறதா?) என்று நம் குமரி மாவட்டத்தில் தினமும் கேட்கிறோம். மலையாளம் என்று ஒதுக்க வேண்டாம். 541ஆம் குறள் ‘ஓர்ந்து’ என்றுதான் தொடங்குகிறது. குற்றத்தை ஆராய்ந்து என்று பொருள்.

மறுமொழி:

டீச்சர், நல்ல வேர்ச்சொல். ஆனால் பயிற்சி வகுப்பில் மைக்கில் சொன்னால் ‘ஓய்வு’ என்றே காதில் விழும். ‘மீள்நோக்கு’ போதாதா?

மறுமொழி:

அண்ணாச்சி, மீள்நோக்கு திரும்பிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. மறுநாள் கட்டை எப்படிப் போடுவது என்பதையும் நான் அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். அடுத்த சுற்றுத் திட்டம் அங்கே பிறக்கிறது. ‘ஓய்வு’ பற்றி நீங்கள் சொன்னது சரி. ‘ஓர்தல்’ என்று வைத்துக்கொள்வோம். திட்டமிடல், செயல்படல், உற்றுநோக்கல், ஓர்தல்: வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இடறவில்லை. இந்தக் கழித்தல் அறிக்கையை அப்படியே எழுதிக் கொடுக்கப்போகிறேன்.