இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்

ஜெர்மனியில் எர்லாங்கன் என்கிற ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் வெளியே சாப்பாடு என்றால் டோனர் கபாப் கடை, அதை விட்டால் பீட்சா. ஜெர்மன் சாப்பாடு எப்படி என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால், அலுவலக கேன்டீனை மனதில் வைத்துக்கொண்டு "சப்பென்று இருக்கும்" என்பேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் இதைக் கேட்டுக் கடுப்பாகி, ஃபோர்க்ஹைமைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போ. இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்."

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால். ஒரே கட்டடத்தில் இடப்பக்கம் கறிக்கடை, வலப்பக்கம் உணவகம், மாடியில் வீடு. மகன் கறி வெட்டுகிறார், அப்பா சமைக்கிறார், அம்மா பரிமாறுகிறார். உள்ளே கூட்டம், ஆனால் மூலையில் பெரிய மேசை ஒன்று காலி. போய் உட்கார்ந்தேன். மேசைக்கு நடுவே ஒரு பித்தளைப் பலகையில் 'ஷ்டாம்டிஷ்' என்று எழுதியிருந்தது. மேசைக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் வந்து பலகையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். அது ஊர்ப் பெரியவர்கள் வழக்கமாக உட்காரும் மேசையாம். அவர்கள் வராவிட்டாலும் அது அவர்களுடையதுதான்.

என்னை ஒரு வயதான தம்பதியின் எதிரே உட்கார வைத்தார். நம் ஊர் மெஸ் மாதிரிதான், இடம் இருந்தால் யார் எதிரிலும் உட்காரலாம். உட்காருமுன் "இங்கே காலியா?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், எழுந்து போகும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் போனதே ஷொய்ஃபெலேக்காக. பன்றியின் தோள்பட்டைக் கறியை எலும்போடு, தோல் மொறுமொறுவென்று பொரிகிற வரைக்கும் அடுப்பில் வாட்டுவார்கள். அந்த எலும்பு மண்வாரி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். "தீர்ந்துவிட்டது" என்றார் அம்மாள். அடுப்பில் மணிக்கணக்கில் கிடக்க வேண்டிய பண்டம் என்பதால், போனில் எத்தனை பேர் சொல்லி வைத்தார்களோ அத்தனைதான் போடுவார்களாம். எதிரே இருந்த தாத்தா வியாழக்கிழமையே சொல்லிவிட்டாராம். அவர் தட்டில் தோல் நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ஸவர்பிராட்டன் சொன்னேன். மாட்டுக்கறியை வினிகரில் நாள்கணக்கில் ஊறவைத்துச் செய்வது. இந்தப் பக்கத்தில் குழம்பு கெட்டிப்பட மசாலா ரொட்டியைத் தூளாக்கிப் போடுவார்கள். புளிப்பு, கூடவே கொஞ்சம் தித்திப்பு, பின்னால் கிராம்பு வாசனை. சப்பென்று இருக்கும் என்று சொன்ன வாயை அங்கேயே மூடிக்கொண்டேன்.

கூடவே க்ளோஸ் வந்தது. உருளைக்கிழங்கு உருண்டை, ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும். கத்தியை எடுத்து இரண்டாக வெட்டப் போனேன். எதிரே இருந்த பாட்டி பதறி "நைன், நைன்" (இல்லை, இல்லை) என்று தன் முள்கரண்டியால் காட்டினார். கத்தி வைக்கக் கூடாது, பிய்க்க வேண்டும். வெட்டினால் பரப்பு வழவழவென்று ஆகிவிடும், குழம்பு வழிந்து ஓடிவிடும். பிய்த்தால் சொரசொரப்பில் குழம்பு ஏறும். உள்ளே நெய்யில் வறுத்த மாதிரி ரொட்டித் துண்டுகள் நாலைந்து இருந்தன. சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றி வளர்ந்தவன் நான். எனக்கு இதை ஒரு ஜெர்மன் பாட்டி சொல்லித்தர வேண்டியிருந்தது!

அப்புறம்தான் சிக்கல். அம்மாள் தடித்த தோல் பர்ஸோடு வந்து, பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் அவரே பென்சிலால் போட்டிருந்த கோடுகளை எண்ணி, அதிலேயே கூட்டிக் காட்டினார். நான் கார்டை நீட்டினேன். ரொக்கம் மட்டும்தான். பையில் ஏழு யூரோ. ஏடிஎம் அந்தக் கிராமத்தில் கிடையாது. எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தொகையின் கீழே ஒரு கோடு போட்டு, அந்த அட்டையைக் கண்ணாடி அலமாரியின் ஓரத்தில் செருகினார். "அடுத்த தடவை கொண்டு வா." பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே போனேன். உணவகம் திறக்கவில்லை, கறிக்கடை திறந்திருந்தது. மகனிடம் விஷயத்தைச் சொன்னதும் "ஓ, ஸவர்பிராட்டனா" என்று உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தார். பணத்தை வாங்கிக்கொண்டு என் கண்ணெதிரே அதை இரண்டாகக் கிழித்தார். அங்கேயே மறுநாளுக்கு ஷொய்ஃபெலே சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

நான் ஸ்டுட்கார்ட் பக்கம், சுத்த சைவம், ஆகவே என் கதை வேறு மாதிரி. இங்கே திராட்சைத் தோட்டக்காரர்கள் வருடத்தில் நான்கு மாதம் வரைக்கும் தங்கள் வீட்டிலேயே ஒயினும் சாப்பாடும் விற்கலாம். நாற்பது இருக்கைக்கு மேல் போடக் கூடாது. கடை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். என் மாமியார் வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு "துடைப்பத்தைத் தலைக்கு மேல் கட்டியிருக்கிறானே, இங்கேயா சாப்பாடு?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

மவுல்டாஷன் என்று மாவுக்குள் பூரணம் வைத்த ஒரு பண்டம் இருந்தது. என்ன பூரணம் என்று கேட்டேன். வீட்டுப் பெரியவர் "பசலைக்கீரை" என்றார். நல்லது என்று வாங்கினோம். கீரை இருந்தது, கூடவே அரைத்த கறியும் இருந்தது. விசாரித்தால், தவக்காலத்தில் இறைச்சி தின்னக் கூடாதென்று மடத்துத் துறவிகள் கறியைக் கீரையோடு அரைத்து மாவுக்குள் ஒளித்துவைத்தார்களாம். அதனால் 'ஆண்டவனை ஏமாற்றும் குட்டி' என்று அதற்கு ஒரு செல்லப்பெயரே உண்டு. ஆண்டவன் ஏமாந்தாரோ இல்லையோ, நாங்கள் ஏமாந்தோம். தொட்டுக்கொள்ளும் உருளைக்கிழங்கு சாலடைக்கூட இங்கே பெரும்பாலும் கறி வேகவைத்த நீரில்தான் கலக்குகிறார்கள், சைவக்காரர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டம்மா முகம் வாடிப்போய் எங்களைச் சமையலறைக்கே கூப்பிட்டுக்கொண்டு போய், கேஸெஷ்பெட்ஸ்லே, அதாவது சீஸ் போட்ட நூடுல்ஸ், செய்து தந்தார். மாவை ஒரு இரும்பு அச்சில் போட்டுக் கொதிநீரில் பிழிகிறார். மாமியார் "இடியாப்ப உரல்!" என்று கத்தியேவிட்டார். மாவில் முட்டை உண்டு என்பதால் அவர் சாப்பிடவில்லை. ஆனால் அந்த அச்சை ஒன்று வாங்கி ஊருக்கு எடுத்துப் போனார்.

*

மியூனிக்கிலிருந்து ஒரு சின்னத் தகவல். இந்தப் பவேரியா மாநிலத்தில் பாரம்பரியமான பீர் தோட்டங்களில் சாப்பாடு நாமே கொண்டு போகலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும். 1812இல் அரசர் போட்ட உத்தரவிலிருந்து வந்த பழக்கம். 1999இல் மாநில அரசும் பீர் தோட்டங்களுக்கென்று போட்ட விதியில் இதைச் சேர்த்துக்கொண்டது. சொந்தச் சாப்பாட்டோடு விரிப்பு போட்ட மேசையில் உட்காரக் கூடாது, அது பரிமாறும் பகுதி.

நாங்கள் புளியோதரையும் அப்பளமும் கொண்டு போவோம். பக்கத்து மேசைக்காரர் வெள்ளை முள்ளங்கியைச் சுருள்சுருளாகச் சீவி உப்புத் தூவித் தின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் கொடுத்தார், நாங்கள் புளியோதரை கொடுத்தோம். வறுத்த மிளகாயை முழுசாகக் கடித்துவிட்டு, பாவம், அரை லிட்டரை ஒரே மூச்சில் இறக்கினார்.

*

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்ப உணவகத்தில் கைக்குழந்தையோடு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்குத் தட்டு வந்துவிட்டது. நிறம் காரணமா, நாங்கள் கை காட்டிக் கூப்பிடத் தெரியாமல் இருந்தோமா, அன்றைக்கு அவர்களுக்கு வீட்டில் சண்டையா, இன்று வரை தெரியாது. எழுந்து வந்துவிட்டோம். அதற்கப்புறம் உள்ளூர் நண்பர் யாராவது இல்லாமல் அந்த மாதிரி இடங்களுக்குப் போவதில்லை.

*

கைக்குழந்தையோடு போனவருக்கு: நீங்கள் எழுந்து வந்தது சரிதான். எனக்கும் முதல் நாள் அந்த அம்மாள் மேசையைத் தட்டியபோது மூஞ்சி சுருங்கத்தான் செய்தது. எழுந்து போகாமல் இருந்ததற்குக் காரணம் பசி, பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

மூன்று பேர் தனிச்செய்தியில் உணவகத்தின் பெயர் கேட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை ஷொய்ஃபெலே பத்துவதில்லை. வேண்டுமானால் இது: இந்தப் பக்கத்தில் பெயரில் 'ர்' வருகிற மாதங்களில்தான் கெண்டை மீன் போடுவார்கள், செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும். மீனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மாவில் புரட்டி, வால் சுருளுகிற அளவுக்குப் பொரித்துத் தருவார்கள். எர்லாங்கன் வருகிறவர்களை அதற்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ரொக்கம் எடுத்து வாருங்கள்.