முடிச்சா, கணுவா, காய்ப்பா?

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள அண்ணா,

தாராவி தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளுக்கான கையேட்டு வரைவில், ஓயாமல் குரல் எழுப்புவதால் குரல்வளை மடிப்புகளில் விழும் தடிப்பை, அதாவது ‘வோக்கல் நாடியூல்’ என்பதைக் ‘குரல் முடிச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்ற வேண்டுகிறேன். முடிச்சு என்றால் அவிழ்க்கவோ அறுக்கவோ வேண்டும் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். இதற்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், கத்தி பிறகு. ‘கணு’வும் பொருந்தாது. கணு கரும்பில் இயல்பாகவே இருப்பது.

‘குரல் காய்ப்பு’ என்று வைப்போம். மண்வெட்டி பிடித்தால் கை காய்க்கிறது, செருப்பு உரசினால் கால் காய்க்கிறது. காரணம் சொல்லிலேயே இருக்கிறது. பெண்களின் பேச்சுக் குரலில் குரல்வளையின் இரு மடிப்புகளும் விநாடிக்கு சுமார் 200 முறை மோதுகின்றன. இடைவெளிகளைக் கழித்து ஒரு மணி நேரம் குரல் எழுப்பினால் 7,20,000 மோதல்கள். சன்னலுக்கு வெளியே ஹாரன் கேட்டால் குரல் தன்னாலேயே உயரும்; மோதலும் பலக்கும். மடிப்பின் பின்பகுதி குருத்தெலும்பு. அதற்கு முன்னாலுள்ள அதிரும் பகுதியின் நடுவில்தான் வீச்சு அதிகம். காய்ப்பு விழுவதும் அங்கேதான், இரு பக்கமும் எதிரெதிரே.

‘வோக்கல் கார்டு’க்கு ‘குரல் நாண்’ வேண்டாம், ‘மடிப்பு’ என்றே இருக்கட்டும். மராத்தியில் ஸ்வரதந்து என்று கேட்டுக் கேட்டு நம்மவர்களும் அதைக் கம்பி போலவே நினைக்கிறார்கள்.

*

செம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

காய்ப்பு சரியான சொல். ஆனால் ஒரு தடை. கையில் தடிப்பது மேல்தோல். இங்கே அதற்கு அடியிலுள்ள தளர்ந்த அடுக்கும் சேர்ந்து தடிக்கிறது. மடிப்பை மேலே உறை, உள்ளே தசையாலான உடல் என்று குரல் ஆய்வாளர் ஹிரானோ 1974இல் பிரித்துக் காட்டினாரே, அந்த உறையின் அடுக்கு. தசைமேல் அது வழுக்கி அலையாக ஓடினால்தான் குரல் தெளியும். தடித்த இடத்தில் அலை குன்றும்.

தொடக்கத்தில் இது மெத்தென்ற வீக்கம்தான். ஓய்வு கொடுத்தால் வடியக்கூடும். அதை ‘இளங்காய்ப்பு’ என்றும், நாள்பட்டுக் கெட்டியானதை ‘முற்றிய காய்ப்பு’ என்றும் பிரித்தால் என் தடை நீங்கிவிடும்.

மடிப்பில் வரும் இன்னொரு வகைப் புடைப்பான பாலிப்புக்கு இந்தச் சொல் கூடாது. அது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வரும். ஒரே ஒரு அலறலில் ரத்தக்குழாய் உடைந்தும் உண்டாகலாம். அங்கே ‘பாலிப்’ என்றே விடுவோம்.

இன்னொரு சொல்லும் தேவை. இருபுறக் காய்ப்பும் முட்டிக்கொள்வதால் மடிப்புகள் முழுதாக மூடுவதில்லை. விட்டுவிட்டு மின்னும் ஒளியில் மடிப்பின் அசைவைக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பியில் பார்த்தால் முன்னும் பின்னும் திறப்பு, நடுவில் ஒட்டல்: அச்சு அசல் உடுக்கை. ‘உடுக்கைத் திறப்பு’ என்போம். காற்று கசிவதும் குரல் கம்முவதும் இதனால்தான். கம்முகிறதே என்று ஆசிரியை இன்னும் அழுத்திப் பேசுவார். மோதல் கூடும், காய்ப்பு முற்றும். கையேட்டில் இந்தச் சுழலைப் படமாகவே போடுவோம். பக்கத்திலேயே தடித்த எழுத்தில்: மூன்று நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், காய்ப்புதான் என்று தாமே முடிவு கட்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்ட வேண்டும்.